கே.பி.சுந்தராம்பாள் கதாநாயகியாக நடிக்காததற்குச் சபதம் மட்டுந்தான் காரணமா?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் மாதம் ஒரு முறை கூடும் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குக் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். குறிப்பு எடுக்க உட்கார்ந்த பிறகுதான், எனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதையே என்பது புரிந்தது.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தார். ரயிலில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்ட ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேச ஐயர் அவரை வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள். இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். 1927இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, இவருக்கு 25. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தி, நகைகளைத் துறந்து, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பின்னர் ஔவையார், பழனிமலைக் காட்சி, பத்மஸ்ரீ, அவ்வளவுதான்.

இதைக் கேட்ட என் அம்மா, "அழவைக்கப் போகிறாயா, பேசப் போகிறாயா?" என்றார். அந்தக் கேள்வி குத்திவிட்டது. ஒருவருடைய நாற்பதாண்டுக் கலை வாழ்வை ஒரே ஒரு சபதத்தைக் கொண்டு விளக்கிவிட முடியுமா? விரல்விட்டு எண்ணக்கூடிய சில படங்களில் மட்டுமே நடித்தவரைத் திரைப்பட நடிகை என்று சொல்வது பொருந்துமா? எங்கள் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த மாவட்டத்துக்காரர்கள் என்பதால், நம் மண்ணோடு அவரைத் தொடுக்கும் இழை ஏதேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தில்லைவாசி (சிதம்பரம்) எழுதுகிறார்:

ஐயா, இழையைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவருடைய முதல் படமே நம் மாவட்டத்துக் கதைதான். 1935இல் மாணிக்லால் டாண்டன் இயக்கத்தில் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர் ஏற்ற வேடம் ஓர் ஆண்: காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஆதனூரில் சேரியில் பிறந்து, "நாளைப் போவேன்" என்று நாள்களைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் தில்லைக்கு வந்து சேர்ந்த நந்தனார். நந்தனை ஆட்டிப்படைக்கும் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சேக்கிழாரில் அந்த வேதியர் இல்லை; கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் படைத்துச் சேர்த்த பாத்திரம் அது. சபாக்களில் கோலோச்சிய ஒரு சங்கீத வித்துவான் வேதியராக நிற்க, நாடகக் கொட்டகையிலிருந்து வந்த ஒரு பெண் புலையனாக நின்று பாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள். எத்தனை வேலிகள் ஒரே திரையில் தாண்டப்பட்டன!

அந்தப் படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். தயாரிப்பாளர் விட்டுவிட்டுப் போகட்டும் என்று எட்டாத தொகையைக் கேட்டதாகவும், அவர் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதாகவும் கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், அந்தத் தொகையைக் கூச்சமின்றிக் கேட்ட பெண்ணை வெறும் துயரச் சித்திரமாக மட்டும் மேடையில் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். உங்கள் அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

ஆர்மோனியப் பெட்டி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி) எழுதுகிறார்:

இசை நாடகங்களுக்குப் பின்பாட்டும் ஆர்மோனியமுமாகப் பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சுந்தராம்பாளின் நடிப்பைச் சினிமாவில் தேடினால் பாதிதான் கிடைக்கும். அவர் உருவானது ஒலிபெருக்கி இல்லாத மேடையில். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகை கிடையாது; வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒப்பந்தமாகி வந்த நடிகர்கள் அன்றிரவுதான் மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால் ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை என்று நாங்கள் சொல்லும் உயர்ந்த சுருதியில், விடியும்வரை, தொண்டை கட்டாமல் பாடக்கூடியவர்களே நிலைத்தார்கள். ஆண்களில் அந்தச் சுருதியை எட்டிய அபூர்வக் குரல் கிட்டப்பாவுடையது. வள்ளி திருமணம் நாடகத்தில் இருவரும் பாட்டாலேயே வாதிடும் தர்க்கப் பாட்டு வரும்போது, ஒருவருக்காக மற்றவர் சுருதியை இறக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய ஜோடிப் பொருத்தம் என்று ஊர் கொண்டாடியதில் முதல் பங்கு இந்தச் சுருதிப் பொருத்தத்துக்குத்தான் என்பது என் கருத்து. கிட்டப்பா ஒரு படத்தில்கூட நடிக்காமல் போனார். இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை அவருடைய இசைத்தட்டுகளே. அவர் போன பிறகு சுந்தராம்பாளுக்கு ஈடாக நின்று தர்க்கம் பாட யார் இருந்தார்கள்? ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவில் துக்கத்தோடு தொழிலறிவும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த நாடகங்களில் பலவற்றை எழுதிக் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது இந்தப் புதுச்சேரியில்தான். என் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் சிறிது நேரத்தில் கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதியை அடைந்துவிடலாம்; நாடகக்காரர்கள் இன்றும் வந்து வணங்கிவிட்டுப் போகும் இடம் அது. உங்கள் பேச்சை அங்கிருந்து தொடங்கலாமே.

இன்னொன்று. 'திருவிளையாடல்' 1965இல் வந்தபோது அவருக்கு ஏறத்தாழ 57 வயது. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் வரும் அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தாளம் தொடங்குவதற்கு முன்பே விருத்தமாக நீட்டும் இடத்தில், மைக் அவருக்குத் தேவைப்படவே இல்லை என்பது கேட்கும்.

மாங்கனி (பிறந்தது காரைக்கால், இருப்பது லாஸ்பேட்டை) எழுதுகிறார்:

ஆர்மோனியப் பெட்டி அண்ணன் சொன்ன சுருதிக் கணக்கை ஏற்கிறேன். ஆயினும் சபதத்தை அவர் சற்று எளிதாகக் கடந்துவிட்டார் என்று தோன்றுகிறது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சுந்தராம்பாளோடு கொண்ட இல்வாழ்க்கையும் மனக்கசப்பில் முடிந்து, அவர் இறப்பதற்கு முன்பே பிரிவு நேர்ந்துவிட்டது. தம்மை விட்டு விலகியவருக்காக 25 வயதில் வெள்ளை உடுத்தியவர் அவர். இதை நம் காலத்து அளவுகோலால் போற்றவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். நந்தனார் ஓர் ஆண். 1940இல் மணிமேகலை, காதலை உதறிய துறவி. 1953இல் ஜெமினியின் ஔவையார், இளமையையே வேண்டாமென்று கழற்றி வைத்த கிழவி. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. இல்லறத்துக்கு வெளியே தமிழ் மரபு ஒரு பெண்ணுக்கு எத்தனை இருக்கைகளைப் போட்டு வைத்திருக்கிறதோ, ஏறத்தாழ அத்தனையிலும் அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டார். சபதம் அவருடைய கதவை அடைத்தது என்பார்கள். கதாநாயகி நடிகைகள் எவருக்கும் கிடைக்காத கதவுகள் அவருக்குத் திறந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வரிசையின் கடைசியில் எங்கள் ஊர்க்காரி வருகிறார். 1973இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார். மாங்கனி அதிசயத்தைக் கண்டு அஞ்சி ஓடிய கணவன் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு, தேடி வந்த மனைவியின் காலில் விழுகிறான். "இவனுக்காகச் சுமந்த அழகு இனி எனக்கு எதற்கு?" என்று அவள் தசையை உதறிப் பேயுருக் கேட்கிறாள். உதறிய பின் வருபவர்தான் சுந்தராம்பாள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கும்போது முந்தானை ஏந்திப் பிடித்து வளர்ந்தவள் நான். அந்தக் கதை எனக்குப் பழகிய கதை. இருந்தும் அறுபது வயது கடந்த அந்த உருவம் பாடிக்கொண்டே வரும்போது, அது நடிப்பு என்று என்னால் ஒரு முறையும் நினைக்க முடிந்ததில்லை.

படங்கள் குறைவு என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. 1940க்கும் 1953க்கும் இடையே அவர் சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார், கச்சேரிகள் செய்தார், 1951இல் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமா அவருக்குப் பல மேடைகளுள் ஒன்றாகவே இருந்தது. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதுகூட 1969இல் வந்த 'துணைவன்' படத்துக்குத்தான் கிடைத்தது. பத்மஸ்ரீ அதற்கு அடுத்த ஆண்டில். 1980இல் மறைந்தார்.

கெடிலக்கரை எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாங்கனி அக்கா எழுதிய வேடங்களின் வரிசையை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பேச்சை ஆதனூரில் தொடங்கி, கருவடிக்குப்பம் வழியாகக் காரைக்காலில் முடிப்பதாக இருக்கிறேன். கொடுமுடி ரயில் கதைக்கு இரண்டு நிமிடம் போதும். ஆர்மோனியப் பெட்டி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை கடலூர் வர முடியுமானால், ஐந்து கட்டை என்பது எவ்வளவு உயரம் என்பதை எங்கள் கூட்டத்துக்கு ஆர்மோனியத்தில் ஒரு முறை அழுத்திக் காட்ட வேண்டும். பேருந்து நிலையத்துக்கு நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன்.