எமுலேற்றருக்கு ‘ஒத்தியங்கி’: ஒரு முன்மொழிவு

ஒரு கருவிக்கென எழுதிய மென்பொருளை வேறொரு கருவியில் ஓடவைக்கும் மென்பொருளே எமுலேற்றர் (emulator). அதற்கான தமிழாக ‘பாவனையாக்கி’ என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இலக்கணம் பற்றியன்று, வழக்குப் பற்றியது. தமிழகத்தில் பாவனை என்றால் நடிப்பு. இலங்கையின் வன்னியிலோ இரணைமடுக் குளத்து நீர்ப்பாவனை முதல் வயலுக்கான பசளைப்பாவனை வரை அது பயன்பாட்டையே குறிக்கிறது. மென்பொருளைக் கையாளுபவரைப் பாவனையாளர் என்று அழைக்கும் மாணவருக்குப் பாவனையாக்கி என்ன பொருளைத் தரும்? மாற்றாகக் கருதத்தக்க ‘போன்மி’ அழகான சொல்தான். ஆனால் இணையத்தில் அதை மீம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

எமுலேற்றர் பழைய விளையாட்டுக் கருவியின் தோற்றத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அக்கருவியின் மையச் செயலி, படச் செயலி, ஒலிச் சில்லு ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் எதைச் செய்யுமோ அதைத் தானே செய்து, அவற்றை ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் ஓட்டுகிறது. ஏறத்தாழ 33.87 மெகாஹேட்ஸ் வேகமும் 2 மெகாபைட் முதன்மை நினைவகமும் மட்டுமே கொண்ட முதலாவது பிளேஸ்டேசனை, அதைவிடப் பன்மடங்கு வேகமான போன் திணறித் திணறி ஓட்டுவதும் இதனால்தான்: அக்கருவியின் ஒரு கட்டளையை வாசித்து, பொருள்கொண்டு, நிறைவேற்றப் போனின் செயலி பல கட்டளைகளைச் செலவிடுகிறது. கட்டளைத் தொகுதிகளை ஓட்டத்தின்போதே போனுக்குரிய கட்டளைகளாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும் முறை இச்சுமையைப் பெரிதும் குறைக்கிறது. பிளேஸ்டேசனுக்கான எமுலேற்றரான பிசிஎஸ்எக்ஸ்-ரீஆர்ம்ட் பழைய போன்களிலும் ஓடுவது அதனாலேயே.

வெளிநாட்டு உறவினர் பாவித்து அனுப்பிய, 1 கிகாபைட் நினைவகமுள்ள போன்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கின்றன. விநாடிக்கு 60 சட்டகங்கள் (frames) என்றால் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிவிநாடிதான் கிடைக்கும். அது தவறத் தொடங்கியதும் ஒலி கரகரக்கிறது. பின்மூடி சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, படமும் இழுபடுகிறது. ஒத்து இயங்குதல் குலைவதையே அப்போது நாம் கண்ணாலும் காதாலும் உணர்கிறோம். ஆகவே ‘ஒத்தியங்கி’ என்பதே தொழிலுக்கு நெருக்கமான சொல்லாக எனக்குப் படுகிறது.

ஒத்தியங்கல், ஒத்தியக்கு என்று பெயரும் வினையும் இதிலிருந்து இயல்பாகக் கிளைக்கின்றன. ஒத்தியங்கலில் அளவு வேறுபாடு உண்டு என்பதையும் இச்சொல் தாங்கும். பல எமுலேற்றர்களை ஒரே இடத்தில் தரும் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருள், சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கான எமுலேற்றராகிய ஸ்நெஸ்9எக்ஸின் 2002, 2005, 2010 என்ற பழைய பதிப்புகளை வலுக்குறைந்த கருவிகளுக்காக இன்றும் வைத்திருக்கிறது. அவை துல்லியத்தைச் சற்று விட்டு வேகத்தைப் பெறுகின்றன. அவற்றைத் ‘தளர் ஒத்தியங்கி’ எனலாம். நாதசுவரத்துக்கு ஒத்து ஊதுவதை நினைத்துச் சிலர் சிரிக்கக்கூடும். சுருதி பிசகாமல் பிடிப்பது அந்த ஒத்துதானே, சிரிக்கட்டும்.

விமானப் பயிற்சி போன்றவற்றில் ஒன்றின் நடத்தையை மாதிரியாகக் காட்டும் சிமுலேற்றர் (simulator) மென்பொருளுக்குப் ‘போலச்செய்தல்’ வழியாகவே ஒரு சொல்லை அமைத்து, இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். வேகம் போதாதபோது சில சட்டகங்களை வரையாமல் விடும் அமைப்புக்குச் (frame skip) ‘சட்டகத் தாவல்’ என்பதை நான் ஆதரிக்கவில்லை. உலாவியின் பக்கத்தாள்களுக்குத் தாவல் என்ற சொல் வழங்கிவருவதால், ‘சட்டகத் தவிர்ப்பு’ என்றே பதியலாம்.