பழைய கட்டடத்தில் எல்இடிக்கு மாறியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள் (மும்பை)

ஃபோர்ட் கட்டடச் செயலர்:
எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியிலும் இன்னும் நான்கடி டியூப்லைட்தான். எல்இடிக்கு மாறுவது என்று உறுப்பினர் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஒரு ஒப்பந்தக்காரர், “டியூபை மட்டும் மாற்றினால் போதும், சோக்கைத் தொடவே வேண்டாம்” என்கிறார். இன்னொருவர் ஃபிட்டிங்கோடு மாற்றச் சொல்லி விலையை எங்கோ கொண்டுபோகிறார். யார் பேச்சைக் கேட்பது? விற்பனைப் பேச்சு வேண்டாம், பட்டறிவு மட்டும் போதும்.

தாராவி வயரிங்காரன்:
ஐயா, சோக்கைத் தொடாதே என்பவர் தன் கூலியை மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான். 36 வாட் டியூப் என்று எழுதியிருந்தாலும் பழைய சோக்கோடு சேர்த்து 45 வாட்டைத் தாண்டும். அதன் இடத்தில் 18 அல்லது 20 வாட் எல்இடி வருகிறது. சோக்கை விட்டுவைத்தால் அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடிக்கும். நாளை அது எரிந்தால், டியூப் நன்றாக இருந்தும் அறை இருட்டாகிவிடும்.

மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு கிடங்கில் ஃபிட்டிங்கைத் திறந்தேன். சோக்கிலிருந்து கீல் உருகி வழிந்து, தகட்டில் கறுப்பாக உறைந்திருந்தது. உள்ளே போகும் வயரைத் தொட்டதும் மேலுறை அப்பளமாக நொறுங்கி உள்ளங்கையில் விழுந்தது. அதன்மேல் புது டியூபை மாட்டிவிட்டு எப்படி உத்தரவாதம் கொடுப்பது?

இன்னொன்றும் கவனியுங்கள். எல்இடி டியூபில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஃபேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) ஒரே முனையில் வரும். மற்றதில் முனைக்கு ஒன்றாக வரும். லோகார் சால் மின்சாமான் சந்தையில் வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டு, கட்டடம் முழுவதற்கும் ஒரே வகையாக வாங்குங்கள். கலந்து வாங்கினால், பின்னால் மாற்ற வருகிறவன் ஷார்ட் அடிக்க வைப்பான். வயரிங் மாற்றிய ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் ‘எல்இடி மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்விட்சை அணைக்காமல் டியூபைக் கழற்றுகிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். இரண்டாவது வகையில் ஒரு முனை சாக்கெட்டில் இருக்க, மறுமுனைப் பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

அந்தேரி கணக்கர்:
வயரிங்கார அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் எங்களுக்கு வந்த தொல்லை ஸ்விட்ச் பலகையிலிருந்து வந்தது. மாற்றிய புதிதில், காலையில் மாடி முழுவதையும் ஒன்றாகப் போட்டால் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடும். லோடு பாதியாகக் குறைந்த பிறகு எதற்கு விழுகிறது என்று எல்லோருக்கும் குழப்பம். எல்இடிக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டர், போட்ட நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அத்தனை டிரைவரும் ஒரே நொடியில் இழுத்தால் பி வகை எம்சிபி தாங்குவதில்லை. ஆம்பியரைக் கூட்டுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். பழைய வயரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது தீக்கு அழைப்பு. அதே ஆம்பியரில், கணநேரப் பாய்ச்சலைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை போட்டு, விளக்குகளை இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்த பிறகுதான் சரியானது.

பிறகு ஒருநாள் மாலை ஒரே மாடியில் பாதி எல்இடி பேனல்கள் கண்கூசப் பிரகாசித்துவிட்டு அணைந்தன. எதிர் வரிசை மங்கிப்போனது. பலகையில் அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கிக் கட்டியிருந்த நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருந்தது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். பேனல் விற்றவரிடம் சண்டைக்குப் போனோம். பேனல்மேல் ஒரு குறையும் இல்லை. செயலர் ஐயா, விளக்கு வாங்கும் முன் நியூட்ரலைச் சோதிக்க ஆள் வையுங்கள்.

எச்டி (உயர் அழுத்த) மீட்டர் உள்ள கட்டடமாக இருந்தால் கெபாசிட்டர் பேங்கையும் பாருங்கள். அது சோக்குகளால் குறையும் பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) சரிக்கட்ட வைத்தது. சோக் போனதும் அது மிகையாகிப் பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாய்ந்தது எங்களுக்கு.

மாட்டுங்கா பட்டுக்கடை:
வயரிங் எனக்குத் தெரியாது, நிறம் தெரியும். கல்லாவுக்கு மேலே இருந்த ஹாலஜன் விளக்குகளை எடுத்துவிட்டு, 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை எல்இடி போட்டுக்கொடுத்தார்கள். கடை பளிச்சென்று ஆனது. ஆனால் அரக்குப் புடவை காப்பிப்பொடி நிறத்தில் தெரிந்தது! ஒரு அம்மாள் புடவையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு, “இதை ஏன் தம்பி உள்ளே மறைத்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அதன் பிறகு எல்லோரும் வாசலுக்கு நடக்க ஆரம்பித்தார்கள்.

பெட்டியில் சிஆர்ஐ 80 என்று இருந்தது; விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது. அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அழுத்தமான சிவப்பு அதில் சேர்வதே இல்லை. அதற்கு ஆர்9 என்று தனிக் கணக்கு. பட்டுக்கடைக்கு அந்தக் கணக்கில்தான் பிழைப்பு இருக்கிறது. இப்போது புடவை விரிக்கும் மேடைக்கு மேலே மட்டும் சிஆர்ஐ 90க்கு மேற்பட்ட, 4000 கெல்வின் விளக்கு. விலை கூடுதல்தான். மற்ற இடங்களில் மலிவானதே இருக்கிறது. மயில்கழுத்து நிறத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அரக்கும் மாம்பழ மஞ்சளும்தான் காப்பாற்றப்பட்டன.

செம்பூர் வாசகி:
எங்கள் அலுவலகத்தில் நடந்தது வேறு. பூட்டிய அறைக்குள் இரவெல்லாம் விளக்கு மங்கலாக எரிகிறது என்று காவலாளி சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டார். பழைய வயரிங்கில் யாரோ ஸ்விட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். டியூப்லைட் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை, எல்இடி துளி மின்னோட்டத்துக்கும் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டது. அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் இருந்திருக்கிறது. ஏணியில் ஏறுகிறவன் கதி என்ன?

ஃபோர்ட் கட்டடச் செயலர்:
நன்றி. நியூட்ரல் சோதனை முதலில் என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம். டியூபை மட்டும் மாற்றச் சொன்ன ஒப்பந்தக்காரர், நான் ஃபிட்டிங்கோடு மாற்றப்போகிறேன் என்றதும், பழைய சாமான்களை ‘இலவசமாக’ எடுத்துப்போவதாகச் சொல்கிறார்.

தாராவி வயரிங்காரன்:
சொல்லாமல் என்ன செய்வார்! பழைய சோக்குக்குள் இருப்பது செம்புக் கம்பி. எடை போட்டு, பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். டியூப்களை மட்டும் உடைக்காமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். அவற்றில் பாதரசம் இருக்கிறது, அதை மட்டும் அவர் இலவசமாகக் கேட்கவே மாட்டார்.