வெயிட் இண்டிகேட்டர் 20 டன் குறைத்துக் காட்டுகிறது: டயாஃப்ரம் போய்விட்டதா?

பென்னாகரத்தான்

வணக்கம். ஊர் பென்னாகரம். டிப்ளமோ முடித்துவிட்டு காவிரிப் படுகையில் ஒரு எண்ணெய்க் கிணறு ரிக்கில் ட்ரெய்னியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது லீவில் வீட்டில் இருக்கிறேன், ஆனால் ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ரிக்கில் கேட்டால் "நேற்று வந்த பையன், சும்மா இரு" என்கிறார்கள்.

அடுத்து கிணற்றில் இறக்கப்போகும் கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) கனமானது. அதற்காகப் போன வாரம் டிராவலிங் பிளாக்கில் (ஹூக்கோடு மேலும் கீழும் போகும் கப்பித் தொகுதி) சும்மா இருந்த ஐந்தாவது கப்பிக்கும் கயிறு ஓட்டினோம். அன்றிலிருந்து வெயிட் இண்டிகேட்டர், அதாவது ஹூக்கில் தொங்கும் எடையைக் காட்ட டிரில்லர் முன்னால் இருக்கும் வட்ட டயல், குறைத்துக் காட்டுகிறது. நான் போட்ட கணக்கு: பைப், காலர் எல்லாம் காற்றில் 100 டன். கிணற்றில் நிரம்பியிருக்கும் மட்டின் (துளைப்புச் சேறு) அடர்த்தி 1.20, எஃகு 7.85, மிதப்பு போக 84.7 டன். பிளாக், ஹூக், ஸ்விவல் சேர்த்து 15. ஆக ஏறக்குறைய 100 வர வேண்டும். டயலில் 80தான் வருகிறது. பக்கத்து கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் மட்டும் 100 வருகிறது. டிரில்லர் பழைய ஆள், டயலைத்தான் நம்புகிறார். டெட்லைன் ஆங்கரில் (கயிற்றின் அசையாத முனையைப் பிடித்திருக்கும் இடம்) உள்ள, இழுவையை ஆயில் பிரஷராக மாற்றும் டயாஃப்ரத்தில் ஆயில் குறைந்திருக்கும் என்று கைப்பம்பால் ஏற்றியும் பார்த்தோம். ஒரு மாற்றமும் இல்லை. முள்ளும் மந்தமாக நகர்கிறது.

காவேரிப்பட்டணம் போர்வெல்

தம்பி, எங்கள் வண்டியில் பிளாக்கும் கிடையாது, பத்துக் கயிறும் கிடையாது, எல்லாம் ஹைட்ராலிக் சிலிண்டர்தான். அதில் கேஜ் தப்பாகக் காட்டினால் பெரும்பாலும் எங்கேயோ சீல் கசியும். டயாஃப்ரத்தை மாற்றச் சொல்லு. நம்ம பக்கம் கருங்கல்லைக் குடைந்தால் எண்ணெய் எங்கே வரப்போகிறது, தண்ணீரே ஃப்ளோரைடோடுதான் வருகிறது. அதனால் உன் மெஷினை நான் கண்ணால் பார்த்ததில்லை, சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற டிரில்லர், கிருஷ்ணகிரி

அவசரப்பட்டு டயாஃப்ரத்தைக் கழற்ற வேண்டாம். மூன்று கேள்வி. ஸ்க்ரீனுக்கும் டயலுக்கும் பிரஷர் ஒரே ஹோஸிலிருந்து போகிறதா? பைப் எதுவும் இல்லாமல் வெறும் பிளாக் தொங்கும்போது டயலில் எவ்வளவு? டயல் முகத்தில், நடுவிலோ ஓரத்திலோ, எத்தனை லைன் (பிளாக்கைத் தாங்கும் கயிறு) என்று அச்சடித்திருக்கும். அது என்ன எண்?

பென்னாகரத்தான்

ஐயா, ஹோஸ் ஒன்றுதான், டி போட்டுப் பிரித்திருக்கிறோம். மற்ற இரண்டுக்கும் ரிக்கில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். வெறும் பிளாக்குக்கு 12 காட்டுகிறதாம். டயலை போட்டோ எடுத்து அனுப்பினான். அதில் 8 என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற டிரில்லர், கிருஷ்ணகிரி

அவ்வளவுதான், அகப்பட்டுவிட்டது.

ஒரே ஹோஸ், அதில் ஸ்க்ரீன் சரி, டயல் தப்பு என்றால் டயாஃப்ரத்தின் மேல் பழி போட முடியாது. அது பொய் சொன்னால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்லும்.

அப்புறம், தப்பு எந்த மாதிரி என்று பார். உங்கள் ஊர் புளி மண்டியில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் கால் கிலோ நிறுத்தாலும் பத்துக் கிலோ நிறுத்தாலும் தப்பு ஒரே அளவுதான். எடைக்கல்லே தப்பு என்றால் சரக்கு கூடக்கூடத் தப்பும் கூடும். உனக்கு 15 இருக்க வேண்டிய இடத்தில் 12, 100 இருக்க வேண்டிய இடத்தில் 80. இரண்டும் ஐந்தில் நான்கு பங்கு. ஆக, எடைக்கல் தப்பு.

அந்த டயல் ஹூக்கின் எடையை நேராக நிறுப்பதில்லை. டெட்லைன் என்ற ஒற்றைக் கயிற்றின் இழுவையைத்தான் பார்க்கிறது. 100 டன்னை எட்டுக் கயிறு தாங்கினால் ஒன்றுக்கு 12.5, பத்துக் கயிறு தாங்கினால் 10. ஒரு கப்பிக்கு இரண்டு கயிறு, ஐந்தாவது கப்பிக்கும் ஓட்டி நீங்கள் எட்டைப் பத்தாக்கினீர்கள். ஸ்க்ரீனில் யாரோ லைன் எண்ணிக்கையை மாற்றிவிட்டார்கள், டயல் முகத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். டயல் பாவம், பத்து டன்னை இன்னும் எட்டால் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சாதாரணமாக விடாதே. பிட் (துளைக்கும் முனை) மேல் 8 டன் வைத்திருப்பதாக டிரில்லர் நினைத்தால் நிஜத்தில் 10. பைப் மாட்டிக்கொண்டு 20 டன் கூடுதலாக இழுத்தால் அது 25. கேசிங் இறக்கும்போது டயல் 160 என்றால் ஹூக்கில் 200 தொங்கும். டூல்புஷரிடம் (ரிக்கின் பொறுப்பாளர்) இன்றே சொல்லச் சொல். பத்து லைன் டயல் முகம் ஸ்டோரில் இருக்கும். வரும்வரை டயல் எண்ணை 1.25ஆல் பெருக்கி, அதை ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதானால் பிளாக் அசையாமல் நிற்கும்போது பார்க்க வேண்டும். ஏற்றும்போது கப்பிகளின் உராய்வால் டெட்லைனில் இழுவை குறையும், இறக்கும்போது கூடும். பலரும் இதில் குழம்புவார்கள், நானும் குழம்பியிருக்கிறேன்.

முள் மந்தம் வேறு கதை. பிட் குலுங்கி முள் துடித்தால் டேம்பர் வால்வைத் திருகி அடக்குவோம், அப்புறம் திறக்க மறந்துவிடுவோம். அதைக் கொஞ்சம் திறந்து பார். அப்படியும் மந்தம் என்றால் ஹோஸில் காற்று இருக்கும். நீங்கள் பம்ப் அடித்தபோதே புகுந்திருக்கலாம். ஏற்றிய ஆயிலையும் அப்படியே விடக்கூடாது, டயாஃப்ரத்தின் இடைவெளியை மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவரச் சொல்.

ஓசூர் என்டிடி

நான் மேக்னடிக் பார்ட்டிகிள் டெஸ்ட் (காந்தத் தூளால் இரும்பில் விரிசல் பார்ப்பது) செய்பவன். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த ஒரு வாரத்தில் டயல் காட்டிய அதிகபட்ச இழுவை எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் பாருங்கள், 1.25ஆல் பெருக்குங்கள். ஹூக், அதில் தொங்கும் லிங்க், பைப்பைப் பிடிக்கும் எலிவேட்டர் ஒவ்வொன்றிலும் தாங்கும் எடை குத்தியிருக்கும். இருப்பதிலேயே சிறிய எண்ணைத் தாண்டவில்லை என்றால் பயம் இல்லை. தாண்டியிருந்தால் கேசிங்குக்கு முன்பே இறக்கிப் பிரித்து விரிசல் பார்த்தாக வேண்டும். ஏபிஐயின் (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) ஆர்பி 8பி வழிகாட்டி இதற்கென்றே இருக்கிறது. லிங்க்கின் கண் தேய்ந்திருந்தால் தாங்கும் எடையும் குறையும், காலிப்பரால் அளந்து தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் கூடவே கூடாது.

கயிறு எவ்வளவு எடையை எவ்வளவு தூரம் தூக்கியது என்ற டன்-கிலோமீட்டர் கணக்கை டயலைப் பார்த்து எழுதியிருந்தால் அதுவும் குறைவாகத்தான் ஏறியிருக்கும். தேய்ந்த கயிற்றை வெட்டும் நாள் நீங்கள் நினைப்பதைவிட முன்னதாக வரும்.

காவேரிப்பட்டணம் போர்வெல்

டயாஃப்ரத்தை மாற்றச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

பென்னாகரத்தான்

முகம் மாற்றிவிட்டார்கள். வெறும் பிளாக்குக்கு 15 காட்டுகிறதாம். டேம்பர் முக்கால்வாசி மூடியிருந்திருக்கிறது, திறந்ததும் முள் சரியாகிவிட்டது. அதிகபட்ச இழுவை பெருக்கிய பிறகும் எலிவேட்டர் எண்ணுக்கு வெகு கீழேதான். கயிற்றுக் கணக்கை மட்டும் திரும்ப எழுதுகிறார்கள். இதை யார் கண்டுபிடித்தது என்று டிரில்லர் கேட்டாராம், நண்பன் என் பேரைச் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை டூட்டிக்குப் போகிறேன், என்ன சொல்வாரோ தெரியவில்லை.

ஓய்வுபெற்ற டிரில்லர், கிருஷ்ணகிரி

ஒன்றும் சொல்ல மாட்டார். போனதும் டெட்லைன் கீழே வரும் வழியில் மாஸ்ட்டில் (ரிக் கோபுரம்) எங்காவது உரசுகிறதா என்று ஒரு தடவை மேலே பார்த்துவிடு. கயிறு ஓட்டிய புதிதில் அதுவும் நடக்கும்.