கவ்வாத்துக் கத்தியில துரு, எப்படி எடுக்கிறது?

கேள்வி (மஸ்கெலியா, இலங்கை மலையகம்): தாத்தா தேயிலைச் செடி வெட்டின கவ்வாத்துக் கத்தி. தோல் உறையோட ரெண்டு மழைக்காலம் லயத்துப் (தோட்ட வரிசை வீட்டுப்) பரண்ல கிடந்துச்சு. அலகு முழுக்கச் செந்துரு, நுனியில குழி. கடைக்காரர் கிரைண்டர்ல பிடிக்கலாம்னு சொல்றார். கொடுக்கவா?

பதில்: கொடுக்காதீங்க தம்பி! கிரைண்டர் உரசல்ல அலகு நீலம் பாய்ஞ்சா சூடு 300 பாகை செல்சியஸைத் தொட்டாச்சு, பதம் (இரும்போட கடினம்) போயிரும், கூர் நிக்காது. வினாகிரியில நனைச்ச துணியைச் சுத்தி அரை மணி நேரம் வைங்க. ராத்திரி முழுக்க விட்டு நான் ஒரு கத்தியோட விளிம்பையே அரிக்க விட்டவன். பிறகு அப்பச்சோடாத் தண்ணியில கழுவி, உடனே துடைச்சு, எண்ணெய் விட்டு ஸ்டீல் வுல்லால தேய்ங்க. சாம்பல் கறை நின்னா விடுங்க, அது செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும்.

கேட்டவர்: தேங்காய் எண்ணெய் பூசலாமாண்ணே?

பதில்: நம்ம குளிருக்கு அது உறைஞ்சு திட்டுத் திட்டா நிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். உறையில மட்டும் வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

கேட்டவர்: துரு போயிருச்சுண்ணே. குழி அப்படியே இருக்கு. இப்ப அம்மா பலாக்காய் வெட்டக் கேக்கிறாங்க.