அப்டேட்: 'த ஹவுஸ் விச் ஐ லிவ் இன்' சரியோ பிழையோ?

தங்கச்சி ஓஎல் (சாதாரண தரச் சோதினை) இங்கிலிஷ் பயிற்சிப் பேப்பரில இப்பிடி எழுத ரியூசன் சேர் வெட்டிப்போட்டார் எண்டு போன கிழமை கேட்டிருந்தனான், கனபேர் பதில் போட்டியள், நன்றி. சரிதானாம். 'இன் விச் ஐ லிவ்' எண்டா கொஞ்சம் எழுத்துநடை, அவ்வளவுதான். கடைசியில பிரிபொசிஷன் ('இன்', 'வித்' மாதிரிச் சின்னச் சொல்லுகள்) வரக்கூடாதெண்டது 1672ல கவிஞர் ட்ரைடன், நாடகாசிரியர் பென் ஜோன்சன்ர எழுத்தில பிழை பிடிச்ச காலத்துக் கதை.

ஆனா பிரிபொசிஷனை முன்னுக்குக் கொண்டுவந்தா 'தட்' போடேலாது, 'இன் தட் ஐ லிவ்' பிழை, விச்சை விடவும் ஏலாது, கடைசியில கிடந்தா மட்டும் 'த ஹவுஸ் ஐ லிவ் இன்' எண்டே விடலாம்.

'லுக் ஆஃப்டர்' (பராமரிக்கிறது) மாதிரி வினையோட ஒட்டிக்கிடக்கிறதுகளைப் பிரிச்சா இன்னும் மோசம், 'த பேபி ஆஃப்டர் ஹூம் ஷீ லுக்ஸ்' எண்டு எந்த வெள்ளைக்காரன் கதைப்பான்? ஒரு அக்கா கேட்ட 'புட் அப் வித்'உம் (சகிச்சுக்கொள்ளுறது) இதே கேஸ்தான், 'அப்', 'வித்' ரெண்டையும் கடைசியிலயே விடுங்கோ.