மறு: மறு: ‘கேப் அண்ட் டிரேட்’: உச்சவரம்பு சரிவராது

குழுவினருக்கு வணக்கம். மாசுக்கு வரம்பு கட்டி, அதற்குள் மாசு விடும் சீட்டுகளை வாங்கி விற்க விடும் ‘கேப் அண்ட் டிரேட்’ முறைக்கும் அதை ஒட்டிய சொற்களுக்கும் நம் சொற்பட்டியலுக்காகத் தமிழ் தேடுகிறோம். நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘உச்சவரம்பு வணிகம்’ என்று வைத்தால் எல்லாருக்கும் புரிந்துவிடும். நில உச்சவரம்புச் சட்டம் கேள்விப்படாத தமிழர் உண்டா?

ஐயா, கேள்விப்பட்டிருப்பதுதான் சிக்கலே. நில உச்சவரம்பு என்றால் ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர், அதற்கு மேல் கூடாது. குடும்பத்துக்குக் குடும்பம் தனி வரம்பு. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் வருவது நேர் எதிர். அமெரிக்காவில் 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, அமில மழைக்குக் காரணமான கந்தக டைஆக்சைடுக்கு நாட்டின் அனல்மின் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரம்பு கட்டினார்கள்: 2010 முதல் ஆண்டுக்கு 89.5 லட்சம் டன். அந்தத் திட்டத்தில் தனி நிலையத்துக்கென்று வரம்பு கிடையாது. கையில் எத்தனை டன்னுக்குச் சீட்டு இருக்கிறதோ அத்தனை டன் விடலாம். போதாவிட்டால் மிச்சம் வைத்திருப்பவரிடம் விலைக்கு வாங்கலாம். வாங்காமல் அளவு மிஞ்சினால் டன்னுக்கு 2,000 டாலர் தண்டம் என்று சட்டம் எழுதியது. ‘உச்சவரம்பு’ என்று போட்டால் நம் வாசகர் ஆலைக்கு ஆலை வரம்பு என்றுதான் படிப்பார்.

எனக்கு இது விளங்கியது எங்கள் கிணற்றை வைத்துத்தான். பாட்டனார் வெட்டியது. அப்பாவும் இரண்டு பெரியப்பாக்களும் பங்காளிகள், ஒரே மோட்டார், ஆளுக்கு இரண்டு நாள் முறை. பெரியவர் சோளம் அறுத்துக் காட்டைச் சும்மா போட்ட மாதங்களில் தன் முறையை அப்பாவுக்கு விட்டுவிடுவார். கடலை பிடுங்கியதும் இரண்டு மூட்டை அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகும். கிணற்றில் ஊறுவது ஊறுவதுதான். யார் இறைப்பது என்பது மட்டும் கைமாறும். அதனால் ‘மொத்த வரம்பு’ என்கிறேன். ‘மொத்த’ என்ற அந்தச் சொல்லைச் சிக்கனம் கருதி யாரும் வெட்டிவிட வேண்டாம்.

ஒன்று மட்டும் ஒத்துவராது. எங்கள் கிணற்றில் எவ்வளவு ஊற வேண்டும் என்று எந்த அரசும் எழுதி வைக்கவில்லை. 89.5 லட்சம் என்ற எண்ணை எழுதியது அமெரிக்கக் காங்கிரஸ். கட்டற்ற சந்தைக்காரர்களே இங்கே இரண்டாகப் பிரிகிறார்கள். 1968-ல் கனடாப் பொருளியலர் ஜான் டேல்ஸ், ‘மொத்த அளவை அரசு சொல்லட்டும், பங்கீட்டைச் சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்ற வழியைக் காட்டினார். 1982-ல் அமெரிக்கப் பொருளியலர் முர்ரே ராத்பார்ட் அடியோடு வேறு பாதை போனார்: புகை என்பது அடுத்தவன் சொத்தில் அத்துமீறல், பாதிக்கப்பட்டவன் நீதிமன்றம் போகட்டும், அரசு எதற்கு என்றார். ‘சந்தைவழிச் சூழல் கொள்கை’ என்று ஒரே பெயரில் இருவரையும் அடைத்தால் இரண்டு பேருக்குமே நியாயமாகாது.

> ‘கமாண்ட் அண்ட் கண்ட்ரோல்’ = ஏவல் அடக்குமுறை??

தம்பி, சிரித்துவிட்டேன். ஆனால் மூலத்திலும் அது ராணுவச் சொல்தான். எந்த ஆலை என்ன செய்ய வேண்டும் என்று அரசே ஆணையிடும் முறைக்கு, அது பிடிக்காதவர்கள் ஒட்டிய பெயர். கட்டுரையாசிரியர் அந்த முள்ளோடுதான் எழுதுகிறார், காரணமும் வைத்திருக்கிறார். தூய காற்றுச் சட்டத்தின் 1977 திருத்தத்தையொட்டி வந்த விதிகளின்படி, புது மின் நிலையம் கந்தகம் குறைந்த நிலக்கரியை எரித்தாலும் புகைபோக்கியில் கந்தகம் கழுவும் கருவி வைத்தே ஆக வேண்டும். கந்தகம் மிகுந்த கிழக்கு மாநில நிலக்கரிக்கு இதனால் சந்தை காப்பாற்றப்பட்டது. மறுபுறம், 1980-ல் ரயில் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் வயோமிங்கின் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாக நடு மாநிலங்களுக்கு வந்து இறங்கியது. காற்றை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை, ஆனாலும் கந்தகம் குறைந்தது. கட்டளை இல்லாமலே மாசு குறையும் என்ற கட்டுரையாசிரியர் வாதம் இந்த இடத்தில் வலுவானது, மறுக்க மாட்டேன். (வரம்பே இல்லாமல் ரயில் மட்டும் போதுமா என்பதை அவர் கேட்கவில்லை. அது எனக்குள்ள மனக்குறை.) எனவே கட்டுரைக்குள் ‘கட்டளைக் கட்டுப்பாடு’ என்று வைக்கிறேன். நம் சொற்பட்டியலில் ‘நேரடி ஒழுங்குமுறை’ என்று இருக்கட்டும். பட்டியல் கட்சி சேர வேண்டாம்.

இனி முக்கியமானது, மூலத்தில் ‘அலவன்ஸ்’ என்று வரும் அந்தச் சீட்டுக்குப் பெயர்.

> மாசு உரிமை. சுருக்கம், தெளிவு.

இதற்குத்தான் பிடிவாதமாக மறுப்புச் சொல்கிறேன். அந்தச் சட்டமே அது சொத்துரிமை ஆகாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அரசு பின்னால் குறைக்கலாம், ரத்து செய்யலாம். சந்தைக்காரர்களுக்கு அந்த வரிதான் கசப்பு: சொத்தாக உறுதி இல்லாததை எவன் நம்பி வாங்குவான் என்கிறார்கள். சூழலியலாளர்களோ ‘காசு கொடுத்தால் மாசு விடலாமா’ என்று கேட்கிறார்கள். இந்தச் சண்டையின் முடிவை நாம் கலைச்சொல்லிலேயே எழுதிவிடுவதா?

என் பரிந்துரை ‘உமிழ்வுப்படி’. பஞ்சப்படி, பயணப்படி வாங்கியவர்களுக்குப் படி என்றால் சொத்து இல்லை, கொடுக்கிறவர் கொடுக்கும்வரைதான் என்று தெரியும். படி அளக்கவும் செய்யும்: ஒரு படி, ஒரு டன். 1993 முதல் சிகாகோ வணிக வாரியத்தில் ஆண்டுதோறும் ஏலம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு சேர்த்து வாங்கி, யாரும் பயன்படுத்த முடியாமல் முடக்கி வைத்தார்கள். ‘பிள்ளைகள் பத்துப் படி வாங்கினார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது.

கடைசியாக ‘கிராண்ட்ஃபாதரிங்’. ‘பாட்டன் பங்கு’ என்று வேடிக்கையாக ஒருவர் போட்டிருந்தார். படிகளில் பெரும்பகுதியை விற்காமல், 1985–87-ல் எவ்வளவு எரிபொருள் எரித்தார்கள் என்று பார்த்து இலவசமாகப் பிரித்தார்கள். நம் பத்திரங்களில் ‘அனுபோக பாத்தியதை’ என்று, நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமையாக வருமே, அதுவேதான். ‘அனுபோக ஒதுக்கீடு’ என்பேன். பொருளியலர் ரொனால்ட் கோஸ் 1960-ல் எடுத்தாண்ட பழைய லண்டன் வழக்கு நினைவுக்கு வருகிறது. மிட்டாய்க்காரர் இருபது ஆண்டுக்கு மேலாக உரலில் இடிக்கிறார். பக்கத்து மருத்துவர் அந்தச் சுவரை ஒட்டி நோயாளி பார்க்கும் அறை கட்டிவிட்டுச் சத்தம் தாங்கவில்லை என்கிறார். மிட்டாய்க்காரர் சொன்னது அனுபோகம். 1879-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. நூறு ஆண்டு கழித்து மின் நிலையங்கள் அதே பேச்சைப் பேசின, இந்தத் தடவை பலித்தது.

கருத்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

—

அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. எங்களுக்கு அலவன்ஸ் என்றால் கொடுப்பனவு. படி என்றால் வீட்டுப் படிதான் முதலில் கண்ணுக்கு வரும். அரிசி அளப்பது கொத்து. ‘உமிழ்வுப்படி’ என்பதை ‘உமிழ்வின்படி’ என்று வாசித்துத்தான் முதல் தரம் நின்றேன். ‘அனுபோக ஒதுக்கீடு’ நன்று, மாற்ற வேண்டாம்.

—

தங்கச்சி, ‘உமிழ்வின்படி’ என்று வாசிக்க இடமிருப்பது உண்மை. எனக்கு ஓடவே இல்லை. கொடுப்பனவு என்றால் இங்கே அரசு மின் நிலையத்துக்குப் பணம் கொடுத்ததாக ஆகிவிடும், அதுவும் கூடாது. முதல் இடத்தில் ‘ஒரு டன்னுக்கான உமிழ்வுப்படி’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு ‘படி’ என்று மட்டும் போகிறேன். பட்டியலில் இப்போதைக்குக் கேள்விக்குறியோடு ஏற்றுங்கள்.