ஊராட்சிய டவுனோட சேத்தா வரி மட்டுமா மாறும், கம்மாய யாரு பாப்பா?

கேட்டது: கம்மாக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல உள்ள சின்ன ஊராட்சி, ஊர் பேரு வேணாம். எங்களையும் டவுனோட சேக்கப் போறதா ஆறு மாசமா டீக்கடையில, ரேஷன் கடையில எல்லாம் இதே பேச்சா இருக்கு. 2024-ல காரைக்குடி மாநகராட்சி ஆனப்ப கோட்டையூர், கண்டனூரெல்லாம் உள்ள போன மாதிரி நம்மளும் போயிருவோம்னு சில பேருக்கு சந்தோசம், ரோடு வரும் லைட்டு வரும் மனை வெல ஏறும்னு. சில பேருக்கு வீட்டு வரிய நெனச்சு பயம்.

எனக்கு வரி ரெண்டாவது கவலைதான். எங்கப்பா ரெண்டு ஏக்கர் நஞ்சை வச்சிருக்காரு, கம்மாத் தண்ணிய, அதாவது ஏரித் தண்ணிய விட்டா வேற கதி இல்ல. கம்மாயில கெழக்கு மடை பலகை உளுத்துப்போயி நாலு வருசம் ஆச்சு, ஒவ்வொரு ஐப்பசியிலயும் எங்கப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் கழுத்தளவு தண்ணியில எறங்கி, சாக்குல மண்ணக் கட்டி வைக்கோலச் சுருட்டி மடை வாயில திணிச்சுத்தான் தண்ணிய நிறுத்துறாங்க. அவருக்கு இப்ப அறுவத்தி மூணு வயசு. போன வருசம் எறங்குனவரு மூச்சு வாங்கி கரையில படுத்தத பாத்ததுலேர்ந்து எனக்கு நிம்மதி இல்ல. ரெண்டு கிராமசபையில எழுதிக் குடுத்தாச்சு, மினிட்டுல ஏறுச்சு, வேல நடக்கல. இப்ப கிராமசபையே இல்லாமப் போச்சுன்னா நான் யார்ட்ட போயி நிப்பேன்?

அதனால வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீட்டு வரி எப்புடிப் போடுவாங்க, வயலுக்கும் வரி வருமா, நூறு நாள் வேலை என்ன ஆகும், கம்மா யாரு கைக்குப் போகும்.

---

பதில்: பழைய பில் கலெக்டர்

தம்பி, நான் நகராட்சி ஒண்ணுல பில் கலெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், தெரிஞ்சதச் சொல்றேன்.

மொதல்ல வயலு. பட்டா, சிட்டா, பயிர்க்கணக்கு எழுதுற அடங்கல், கிஸ்திங்குற நெலவரி எல்லாமே வருவாய்த்துறை சமாச்சாரம், ஊராட்சி டவுனாப் போனாலும் வருவாய் கிராமம் அப்புடியேதான் இருக்கும், விஏஓவும் இருப்பாரு, நெல்லுக்குப் பயிர் காப்பீடு போடுறதும் அந்த வருவாய் கிராமக் கணக்குலதான். காலிமனை வரின்னு ஒண்ணு டவுன்ல உண்டு, ஆனா வெவசாயத்துக்கு மட்டும் பயன்படுற நெலத்துக்கு அது கெடையாது. அதுக்கு நீங்க காட்ட வேண்டியது அடங்கல். ஒவ்வொரு பசலிக்கும், அதாவது ஜூலை 1 தொடங்கி அடுத்த ஜூன் 30 வரைக்கும், என்ன பயிரு எவ்வளவு பரப்புன்னு அடங்கல்ல ஏறியிருக்கான்னு பாருங்க. மழை பொய்ச்சு தரிசாப் போட்ட வருசந்தான் நம்ம ஆளுக அசால்ட்டா விட்டுர்றாங்க, நாலு பசலி தொடர்ந்து தரிசுன்னு இருந்தா நாளைக்கு வாதாடுறது கஷ்டம்.

வீட்டு வரி. ஊராட்சியில வருசத்துக்கு ஒரு ரசீது, டவுன்ல அரையாண்டுக்கு ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு. 2022-ல கூட்டுனாங்களே, காரைக்குடி மாதிரி ஊருகள்ல குடியிருப்புக்கு 600 சதுர அடிக்குள்ள 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100, அந்தக் கணக்க வச்சு எங்க வீட்டுக்கும் ரெண்டு மடங்குன்னு ஆளாளுக்குப் பேசுறாங்க, அது ஏற்கனவே டவுன்ல வரி கட்டிக்கிட்டு இருந்த வீட்டுக்கு. புதுசா சேர்ற வீட்ட மொதல்லேர்ந்து அளப்பாங்க, தெரு எந்த மண்டலம், கான்கிரீட்டா ஓடா, குடியிருப்பா கடையான்னு பாத்து. அளக்க வர்ற அன்னைக்கு வீட்டுல வெவரமான ஆளு ஒருத்தர் கூட நிக்கணும். மாட்டுக் கொட்டகையையும் தாழ்வாரத்தையும் சேத்து அளந்து எழுதுனத நான் கண்ணால பாத்திருக்கேன், அப்புறம் மனு போட்டு கொறைக்க ரெண்டு வருசம் அலைஞ்சாங்க. அரையாண்டு தொடங்கி 30 நாளைக்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, உச்சம் 5000 ரூவா. விட்டா மாசம் 1 சதவீதம் ஏறும்.

கம்மா பத்தி ஒண்ணு கேக்கணும், அது பொதுப்பணித்துறை பாக்குற பிடபிள்யூடி கம்மாயா, ஊராட்சி ஒன்றியம் பாக்குற யூனியன் கம்மாயா?

---

பதில்: சாக்கோட்டை அக்கா

பில் கலெக்டர் ஐயா நூறு நாள் வேலைய விட்டுட்டாங்க, அத நான் சொல்றேன். 2005 சட்டப்படி அது ஊரகப் பகுதிக்கு மட்டுந்தான், இப்ப 125 நாள்னு மாத்துன புதுச் சட்டமும் ஊரகத்துக்குத்தான். ஊரு டவுன் ஆன அன்னைக்கே நூறு நாள் வேலை அட்டைக்கு மதிப்பு போச்சு. டவுனுக்குன்னு 2022-ல நம்ம அரசு நகர்ப்புற வேலைத் திட்டம் ஒண்ணு கொண்டாந்துச்சு, ஆனா எல்லா ஊருக்கும் வராது, நம்பி இருக்க முடியாது.

எங்க தெருவுல மட்டும் பதினோரு பொம்பளைங்க அட்டை வச்சிருக்கோம், அதுல நாலு பேரு ஆம்பள இல்லாத வீடு. இந்தக் காசுலதான் பிள்ளைங்களுக்கு நோட்டு, வீட்டுக்கு மளிகை. அதோட நாங்க வெட்டுனது எல்லாமே கம்மாய்க்குத் தண்ணி கொண்டாற வரத்துக்கா, ஊருணி, கம்மாக்கரைதான். சும்மா மண்ணக் கிண்டிட்டு வர்றாங்கன்னு பேசுறவங்க ஒரு மழைக்கு எங்க வரத்துக்காயில தண்ணி ஓடுறத வந்து பாக்கணும், சீமக்கருவ வேர அறுத்து எடுத்த கையில இன்னும் தழும்பு இருக்கு. இந்த வேல நின்னா கூலியும் போச்சு, வாய்க்கா வெட்டுற ஆளும் போச்சு. தம்பி, உங்க ஊருல பொம்பளைங்கள விட்டுட்டு ஆம்பளைங்க மட்டும் பேசி முடிவு பண்ணிராதீங்க.

---

பதில்: முகப்பு வீடு

நான் சென்னையில இருக்கேன், வீடு கானாடுகாத்தான் பக்கம். எங்க ஐயா காலத்து வீடு, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, சமையக்கட்டுன்னு இந்தத் தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியும், பதினாலு புள்ளிக்கு, அதாவது பதினாலு குடும்பத்துக்குப் பங்கு. 1800 சதுர அடிக்கு மேலன்னா 100 சதவீதம்னு 2022-ல வந்தப்ப பங்காளிக குரூப்புல மூணு மாசம் அதான் பேச்சு. வருசத்துக்கு முன்னோருக்கு ரெண்டு படைப்பு, ஒரு கல்யாணம்னு தெறக்குற வீடு, ஒரு பைசா வருமானம் இல்ல, ஓடு மாத்தவே காசு பத்தல. எங்க கஷ்டம் எங்களுக்கு.

ஆனா கம்மாக்கரை தம்பி எழுதுனத படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. எங்க அப்பத்தா சொல்லுவாக, இந்த ஊர்கள அமைச்சப்ப ஓட்டுல விழுற தண்ணி வளவுக்குள்ள எறங்கி, தெரு வாய்க்கா வழியா ஊருணிக்குப் போற மாதிரி வாட்டம் பாத்துத்தான் வீடே கட்டுனாகன்னு. இப்ப எங்க தெரு வாய்க்கா மேல சிமெண்டு போட்டாச்சு, ஊருணிக்கு சாக்கடைதான் போகுது. நாங்க வரி கட்டத் தயாரா இருக்கோம், அந்தக் காசுல வாய்க்காயத் தோண்டிக் குடுங்கன்னு கேக்குற உரிமை எங்களுக்கும் உண்டுல்ல? ஊருல இல்லாதவுகளும் மனு எழுதலாம்னா சொல்லுங்க, நான் பதினாலு புள்ளிட்டயும் கையெழுத்து வாங்கித் தர்றேன்.

---

பதில்: கம்மாக்கரை

ஐயா, அப்பாட்ட கேட்டேன், கம்மாத் தண்ணி பாயுற ஆயக்கட்டு எண்பது ஏக்கருக்குக் கிட்டன்னாரு. அக்கா சொன்னத எங்கம்மாட்ட படிச்சுக் காட்டுனேன், அழுதுட்டாங்க, அவங்களும் அட்டை வச்சிருக்காங்க.

---

பதில்: பழைய பில் கலெக்டர்

100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டுன்னா பிடபிள்யூடி, டவுன் வந்தாலும் வராட்டியும் நீர்வளத்துறைதான் பாக்கணும். எண்பதுன்னா யூனியன் கம்மா தம்பி. கவலப்பட வேண்டியது இந்த மாதிரி சின்னக் கம்மாயும் ஊருணியுந்தான்.

ஏன்னு சொல்றேன். டவுன் பட்ஜெட்ட வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதின்னு மூணாப் பிரிச்சுப் போடுவாங்க. சம்பளம், குப்பை, தெருவிளக்கு, பைப்பு, ரோடு இதுக்கே காசு ஓடிரும். கவுன்சில் கூட்டத்துல கவுன்சிலர்கள் எந்திரிச்சுக் கேக்குறதும் இதத்தான், ஓட்டுப் போடுறவங்க கேக்குறதும் இதத்தான். ஒரு மடைப் பலகைக்கு ரூவா ஒதுக்குங்கன்னு கேட்ட கூட்டத்த என் சர்வீஸ்ல நான் பாக்கல. கம்மா அங்க குளம்னு ஆயிரும், சுத்தி நடக்குறதுக்குக் கல்லுப் பதிப்பாங்க, பெஞ்சு போடுவாங்க, மடைய யாரும் நெனைக்க மாட்டாங்க.

ஊருணி பத்தி மனு குடுக்க சென்னையில இருந்தும் முடியும், முகப்பு வீட்டு அண்ணாச்சி, வரி ரசீது நகலச் சேத்து அனுப்புங்க. டவுன்ல 2022 நவம்பர் 1-லேர்ந்து பகுதி சபைன்னு நடக்குது, வார்டுக்குள்ள மக்கள் கூடிப் பேசலாம். இருந்தாலும் கிராமசபைத் தீர்மானம் மாதிரி வராது.

---

பதில்: புழுதி விதைப்பு

நான் கல்லல் பக்கம் வெவசாயம் பாக்குறேன், கம்மாக்கரை தம்பிக்கு ஒரே ஒரு விசயம். வரத்துக்காய இப்பவே புடிங்க. டவுன் வருதுன்னு சேதி கெளம்பும்போதே மேட்டுப் புஞ்சையில கல்லு ஊனி பிளாட்டு போட ஆரம்பிச்சிருவாங்க, எங்களுக்கு அப்புடித்தான் ஆச்சு. மேல நாலு ஏக்கர் மனையாச்சு, குறுக்க ரோடு போட்டாங்க, கீழ குழாயும் வைக்கல, கம்மா முக்காவாசி நெறஞ்ச மழைக்கு இப்ப முழங்கால் தண்ணிதான் நிக்குது. நெலத்த வித்தவர நான் கொற சொல்ல மாட்டேன், அவரு கடன் அவருக்கு.

சர்வேயர்ட்ட எஃப்எம்பிங்குற நெல அளவை வரைபடம் வாங்குங்க, வாய்க்கா புறம்போக்கு எந்த சர்வே நம்பர்ல போகுதுன்னு குறிச்சுக்கங்க. 2025 ஜனவரி 5-ஓட தலைவரு, மெம்பர் பதவிக்காலம் முடிஞ்சு நம்ம மாவட்டத்துல தனி அலுவலர் கைக்குப் போன பெறகும் கிராமசபை நின்னு போகல. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் உங்க நாளு. மடைன்னு மட்டும் எழுதாம கம்மா பேரு, சர்வே நம்பர், எந்த மடை, வரத்துக்கா எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு எழுதி தீர்மானத்துல ஏத்துங்க. தீர்மான நகல கையோட வாங்கி வைங்க. ஊரு யாரு கைக்குப் போனாலும் அந்தக் காகிதம் உங்க கையில இருக்கணும்.

---

பதில்: கம்மாக்கரை

அண்ணே, நாளைக்கே சர்வேயர் ஆபீஸ் போறேன். எங்கம்மாவும் தெருவுல உள்ளவங்களும் இந்தத் தடவ கிராமசபைக்கு மொத்தமா வர்றதா சொல்லிட்டாங்க. மடைப் பலகைக்கு ஆசாரிட்ட அளவு குடுத்து வெல கேட்டுட்டேன், தீர்மானம் நடக்கட்டும், இந்த ஐப்பசிக்கு எங்கப்பாவ தண்ணியில எறங்க விட மாட்டேன்.